அன்றாட மகிழ்ச்சியும் நன்றியறிதலும்

(ஆலய ஆண்டுத் திருவிழாவின் மூன்றாம் நாள் உபயத்தன்று ஆலய மண்டபத்தில் ஆற்றப்பெற்ற உரை)



அன்னதானத்திற்கு முன்பாக இருபது நிமிடம் பேசுமாறு செயலாளர் அவர்கள் பணித்தார்கள். மடைப்பள்ளியிலிருந்து சாம்பார் மணம் வந்துகொண்டிருக்கும் வேளையில் பேச எழுவது எத்துணை இக்கட்டான பணி என்பதை, பல ஆண்டுகளாக அந்தப் பக்கத்தில் அமர்ந்து கேட்டவன் என்ற முறையில் நன்கு அறிவேன். ஆதலின் நேரே பொருளுக்கு வருகிறேன்.

நான் சமய அறிஞன் அல்லன். உளவியலில் பட்டம் பெற்றவனும் அல்லன். தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு பயின்று, பின்னர் மலாய்மொழியில் கல்வி கற்று, இருபது ஆண்டுகளுக்கு மேலாக அரசாங்க அலுவலகத்தில் கோப்புகளோடு காலம் கழித்து வருபவன். நானே செய்து பார்த்த ஒன்றைப் பற்றித்தான் இன்று பேச விரும்புகிறேன்.

கடந்த வாரம் பால்குடப் பதிவு மேசையில் எனக்குப் பணி தரப்பட்டது. பெயர், நட்சத்திரம், தொலைபேசி எண் ஆகியவற்றை எழுதிக்கொண்டிருக்கையில், வந்தவர்கள் தாமாகவே தம் வேண்டுதலையும் சொன்னார்கள். மகனுக்கு வேலை கிடைத்தது, மகளுக்குக் குழந்தை பிறந்தது, அறுவைச் சிகிச்சை நலமாக முடிந்தது என்று ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம். நடுத்தர வயதுடைய அன்பர் ஒருவர், கடும் நோயிலிருந்து மீண்டமைக்காக இவ்வாண்டு காவடி எடுப்பதாகச் சொன்னார். நோயுற்றிருந்தபோது உடனிருந்து கவனித்தவர் யார் என்று வினவினேன். தம் தங்கை, வேலைக்கு விடுப்பெடுத்து மூன்று மாதம் பார்த்துக்கொண்டதாகக் கூறினார். "தங்கச்சிக்கு என்ன செஞ்சீங்க, அண்ணே?" என்று விளையாட்டாகக் கேட்டுவிட்டேன். அவர் என்னை வியப்போடு பார்த்து, "அவ என் கூடப் பொறந்தவ. அவகிட்டப் போயி என்னத்தச் சொல்றது?" என்றார்.

அவர் சொன்னதில் குற்றம் காண்பதற்கில்லை. நம் வீடுகளில் அதுவே வழக்கம். அலுவலகத்தில் ஒரு நாளைக்கு முப்பது முறை 'தெரிமா காசே' என்று சொல்லும் நான், வீட்டில் தேநீர் கொண்டுவந்து தரும் மனைவியிடம் அதற்கு ஈடான சொல்லை எந்நாளும் சொன்னதில்லை. சொன்னால் அந்நியராகிவிடுவோம் என்பது நம்மிடையே உள்ள உணர்வு. விருந்தாளிக்குத்தான் நன்றி, வீட்டாருக்கு எதற்கு?

தமிழ்ப்பள்ளியில் திருக்குறளின் 11ஆம் அதிகாரத்தை ஆசிரியர் எங்களை மனனம் செய்ய வைத்தார். 'செய்ந்நன்றி அறிதல்' என்பது அதன் தலைப்பு. அங்கே 'நன்றி' என்னும் சொல்லுக்கு நன்மை, உதவி என்றே பொருள். பிறர் செய்த நன்மையை அறிந்து, மறவாதிருத்தலே செய்ந்நன்றி அறிதல். இன்று நாம் ஒருவரைப் பார்த்து 'நன்றி' என்று சொல்லும் பொருள் பிற்காலத்தில் வந்தது. ஆக, அறிய வேண்டும் என்று நமக்குக் கற்பித்தார்கள்; நாமும் அறிந்தே இருக்கிறோம். அந்தக் காவடி அன்பருக்குத் தம் தங்கை செய்தது தெரியாதா என்ன? தெரியும். தங்கைக்குத்தான், அண்ணனுக்குத் தெரியும் என்பது தெரியுமோ தெரியாதோ!

இனி உளவியலுக்கு வருகிறேன். அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்ட்டின் செலிக்மன் என்பவர் 1998ஆம் ஆண்டில் அமெரிக்க உளவியல் சங்கத்தின் தலைவராக இருந்தார். மனநோய்களை ஆராய்வதிலேயே உளவியல் பெரும்பாலும் ஈடுபட்டுவிட்டது. மனிதனை நிறைவோடு வாழச் செய்வது எது என்பதையும் அது அறிவியல் முறையில் ஆராய வேண்டும் என்று அவர் வலியுறுத்தினார். அவ்வாறு வளர்ந்த துறையைத்தான் நேர்மறை உளவியல் என்கிறார்கள். பெயரைக் கேட்டவுடன், எப்போதும் சிரித்துக்கொண்டே இரு என்று போதிக்கும் மேடைப் பேச்சாளர்கள் சிலர் உங்கள் நினைவுக்கு வரலாம். எனக்கும் அவ்வாறே வந்தனர். ஆனால் இத்துறையினர், சொல்வதைச் சோதித்துப் பார்க்கிறார்கள்.

நம் மனத்திற்கு ஓர் இயல்பு உண்டு. நல்லதைக் காட்டிலும் தீயது அதில் ஆழமாகப் பதிகிறது. ராய் பௌமைஸ்டர் என்னும் அறிஞரும் அவர்தம் குழுவினரும் இதுபற்றிய ஆய்வுகளைத் திரட்டி 2001இல் ஒரு விரிவான கட்டுரை வெளியிட்டனர். நம் அனுபவமே இதற்குச் சான்று. திருவிழா முடிந்த மறுநாள் நம் செயலவையினரைக் கேட்டுப் பாருங்கள். பத்து நாளும் செம்மையாக நடந்ததைச் சொல்வதற்கு முன்பாக, ஒரு நாள் ஒலிபெருக்கி பழுதானதைத்தான் சொல்வார்கள். பாம்பைக் கண்டு அஞ்சாதவன் பிழைத்திருக்க மாட்டான். பூவைக் காணத் தவறியவனுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. அதனால்தான் மனம் இப்படி அமைந்தது என்று காரணம் காட்டுகிறார்கள்.

இந்த இயல்பைச் சற்றேனும் சரிக்கட்ட இயலுமா? செலிக்மனும் மூவரும் இணையத்தின் வழியாக நடத்திய ஆய்வு 2005இல் வெளிவந்தது. 577 பேர் அதில் சேர்ந்தனர். 411 பேர் இறுதிவரை இருந்தனர். பல குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு வாரத்திற்கு ஒரு பயிற்சி தந்தார்கள். ஒரு குழுவினர் ஒவ்வோர் இரவும் அன்று நன்றாக நடந்த மூன்று செய்திகளை எழுதி, ஒவ்வொன்றும் ஏன் நடந்தது என்பதையும் எழுத வேண்டும். மற்றொரு குழுவினர், தமக்குப் பேருதவி செய்தும் முறையாக நன்றி சொல்லப்படாத ஒருவருக்குக் கடிதம் எழுதி, நேரில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். கடிதம் கொடுத்தவர்களின் மகிழ்ச்சிதான் உடனடியாக மிகவும் உயர்ந்தது. ஒரு மாதம் வரை நின்று பின்னர் தணிந்தது. மூன்று நன்மைகளை எழுதியவர்களின் மகிழ்ச்சி மெதுவாக உயர்ந்தது. ஆறு மாதம் கழித்துக் கேட்டபோதும் நிலைத்திருந்தது. குறிப்பாக, வாரம் முடிந்தும் பயிற்சியைக் கைவிடாதவர்களிடம் அது நன்கு தெரிந்தது.

இதை நான் அறிந்துகொண்ட சூழல் அவ்வளவு இனிமையானது அன்று. 2019இல் எனக்கு வர வேண்டும் என்று நான் உறுதியாக நம்பியிருந்த பதவி உயர்வு வரவில்லை. பட்டியல் வெளியான நாளிலிருந்து வீட்டில் பேச்சைக் குறைத்தேன். கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டேன். மகள் ஏதாவது கேட்டால் எரிந்து விழுந்தேன். வெள்ளிக்கிழமை ஆலயத்திற்கு வருவதையும் நிறுத்தினேன். அம்மனோடும் எனக்குக் கோபம். அந்நிலையில், பணியாளர் நலன் குறித்த பயிலரங்கு ஒன்றுக்கு அலுவலகத்தில் என்னை அனுப்பினார்கள். கடைசி வரிசையில் அமர்ந்து, தேநீர் இடைவேளைக்குக் காத்திருந்தேன். விரிவுரையாளர் இந்த ஆய்வை விளக்கி, பதினான்கு நாள்கள் எழுதிப் பார்க்கச் சொன்னார்.

முதல் நாள் இரவு மகளின் பழைய பள்ளிப் பயிற்சிப் புத்தகத்தில் வெற்றுப் பக்கங்களைத் தேடிப் பிடித்து அமர்ந்தேன். கால் மணி நேரம் ஆகியும் ஒன்றும் தோன்றவில்லை. இறுதியில், 'காலையில் சாப்பிட்ட தோசை மொறுமொறுவென்று இருந்தது' என்று எழுதினேன். ஏன்? 'கடைக்காரர் கல்லை நன்றாகச் சூடாக்கியிருந்தார்.' எழுதிவிட்டு எனக்கே சிரிப்பு வந்தது. அரசாங்க அதிகாரி எழுதும் அறிக்கையா இது!

ஆனால் அந்த 'ஏன்' என்னும் கேள்விதான் என்னைப் பிடித்துக்கொண்டது. மகள் கணக்குச் சோதனையில் தேறினாள். ஏன்? அவள் தாயார் மூன்று இரவு உடன் அமர்ந்து சொல்லிக்கொடுத்தார். கூட்டத்திற்கு நேரத்தோடு போய்ச் சேர்ந்தேன். ஏன்? சட்டை தேய்த்துத் தயாராக இருந்தது. இரவு நன்றாகத் தூங்கினேன். ஏன்? மகளைப் பேசவிடாமல் வேறு அறைக்கு அழைத்துச் சென்றார் மனைவி. பதினான்காம் நாள் முடிவில் எண்ணிப் பார்த்தேன். மொத்தம் 41 குறிப்புகள். அவற்றுள் 17இல் காரணம் என்ற இடத்தில் என் மனைவி இருந்தார். அந்தப் பதினான்கு நாள்களில் நான் அவரிடம் பேசியது எத்தனை வாக்கியம் என்று எண்ணியிருந்தால் அவ்வளவு தேறியிருக்குமோ என்னவோ.

வாயால் சொல்ல நா எழவில்லை. புத்தகத்தை அவர் கையில் கொடுத்துவிட்டுக் குளிக்கப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது அவர் அதைப் படித்து முடித்திருந்தார். கண்ணீர், தழுதழுத்த குரல் என்று கதைகளில் வருவதுபோல் எதையும் எதிர்பார்க்காதீர்கள். "ஆறாம் நாளு ரெண்டுதான் எழுதியிருக்கீங்க. மூணாவது எங்க?" என்று கேட்டார். ஆனால் அன்று இரவு நாங்கள் இருவரும் வெகு நேரம் பேசிக்கொண்டிருந்தோம். பதவி உயர்வு அடுத்த ஆண்டும் வரவில்லை. அந்தக் கசப்பு முழுவதுமாகப் போய்விட்டது என்று இந்தச் சந்நிதியில் நின்று பொய் சொல்ல மாட்டேன். வீட்டிற்குள் அதைச் சுமந்துகொண்டு நுழைவது மட்டும் குறைந்தது.

அடுத்தது கடிதம். சுங்கை சிப்புட்டில் என் அண்ணன் வீட்டில் இருக்கும் அம்மாவுக்கு எழுதுவது என்று முடிவு செய்தேன். தமிழில் நான் கடைசியாகக் கடிதம் எழுதியது எப்போது என்பதே நினைவில் இல்லை. 'அன்புள்ள அம்மாவுக்கு' என்று எழுதியபின் நெடுநேரம் பேனா நகரவில்லை. 1991இல் நான் பட்டணத்து இடைநிலைப்பள்ளியில் புகுமுக வகுப்பில் சேர்ந்தபோது, சீருடை, காலணி, புத்தகப்பை, பேருந்துக் கட்டணம் ஆகியவற்றுக்கு வீட்டில் பணம் இல்லை. அப்பா அதற்கு ஈராண்டுகளுக்கு முன்பே காலமாகியிருந்தார். அம்மா தம் சங்கிலியை அடகு வைத்து என்னைப் பள்ளிக்கு அனுப்பினார். அதைத்தான் எழுதினேன். எழுதி முடித்தது 2020 பிப்ரவரியில். அடுத்த முறை போகும்போது கொடுக்கலாம் என்று மேசை இழுப்பறையில் வைத்தேன். மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது.

மாநிலம் கடந்து செல்ல வழியில்லாத அந்த வாரங்களை நீங்கள் எல்லாரும் அறிவீர்கள். எழுபதைக் கடந்த தாயார், மூச்சிரைப்பு உள்ளவர். தொலைபேசியில் படித்துக் காட்டியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். பலமுறை எண்ணினேன், ஒவ்வொரு முறையும் கூச்சம் தடுத்தது. அமித் குமார், நிக்கலஸ் எப்லி என்னும் இரு ஆய்வாளர்கள் இந்தக் கூச்சத்தையே ஆராய்ந்து 2018இல் எழுதியிருக்கிறார்கள். நன்றிக் கடிதம் எழுதுவோர், பெறுபவருக்கு அது சங்கடமாக இருக்கும் என்று அளவுக்கு மீறி அஞ்சுகின்றனர். அவர் அடையும் மகிழ்ச்சியைக் குறைவாகவே மதிப்பிடுகின்றனர் என்பது அவர்கள் கண்டது.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நேர்மையாகாது. இவற்றில் பெரும்பாலானவை மேல்நாட்டாரிடம் செய்யப்பட்ட சோதனைகள். அமெரிக்க மாணவர்களையும் தென்கொரிய மாணவர்களையும் ஒப்பிட்டு 2013இல் வெளிவந்த ஓர் ஆய்வில், நன்றியறிதல் பயிற்சியால் கொரியர்கள் பெற்ற பயன் குறைவாகவே இருந்தது. கீழைநாட்டு மனத்தில் நன்றியோடு கடன்பட்ட உணர்வும் சேர்ந்தே வருவது இதற்குக் காரணமாக இருக்கலாம். நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. நாம் அம்மனுக்குச் செலுத்துவதன் பெயரே நேர்த்திக்கடன் ஆயிற்றே! பெற்றவளுக்கு நன்றி சொல்லப் போனால், பட்ட கடனை எண்ணிக் குற்றவுணர்ச்சிதான் முதலில் வரும். எனக்கும் அதுவே வந்தது.

ஜூன் 10ஆம் நாள் மாநில எல்லை கடக்க அனுமதி வந்தது. அந்த வாரக் கடைசியிலேயே புறப்பட்டேன். மதிய உணவுக்குப் பின் கடிதத்தை எடுத்துப் படிக்கத் தொடங்கினேன். நான்கு வரி படிப்பதற்குள் அம்மா இடைமறித்து, "என்னய்யா, ஒடம்புக்கு ஏதும் சரியில்லையா? டாக்டரு ஏதாச்சும் சொல்லிட்டாரா?" என்று பதறினார். இல்லையென்று தேற்றி, முழுவதையும் படித்து முடித்தேன். அம்மா சிறிது நேரம் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "சங்கிலியெல்லாம் அதுக்கு முன்னாடியே போயிருச்சுய்யா, ஒங்கப்பா ஆஸ்பத்திரிச் செலவுக்கு. ஒன்னைய ஸ்கூலுக்கு அனுப்புனது அடுத்த லயத்து அக்கா விட்டுக்கொடுத்த கூட்டுல."

இளையோருக்காக விளக்குகிறேன். அக்காலத்தில் தோட்டத்துப் பெண்கள் சிலர் சேர்ந்து மாதந்தோறும் ஆளுக்கு இவ்வளவு என்று போட்டு, மொத்தத் தொகையை ஒவ்வொருவராக முறைவைத்து எடுத்துக்கொள்வார்கள். அதுவே கூட்டு. எங்கள் லயத்தில் பத்துப் பேர், ஆளுக்கு 20 வெள்ளி. அந்த மாதம் 200 வெள்ளி எடுக்க வேண்டிய முறை, நான் பெரியம்மா என்று அழைத்த அந்த அம்மையாருடையது. அம்மாவின் முறையோ கடைசி. பெரியம்மா தம் முறையை அம்மாவுக்குக் கொடுத்துவிட்டுத் தாம் கடைசிக்குப் போனார். முப்பது ஆண்டுகளாக நான் நன்றியோடு நினைத்துக்கொண்டிருந்த சங்கிலி வேறொன்றுக்குப் போனது. என் காலணிக்கும் பைக்கும் பணம் தந்தவரை நான் நினைத்ததே இல்லை. கடிதத்தைப் படித்துக் காட்டியிராவிட்டால் இது எனக்குத் தெரிந்திருக்காது.

பெரியம்மாவின் இருப்பிடத்தைத் தேடிப் பிடிக்க இரண்டு மாதம் ஆயிற்று. தோட்டம் துண்டாடப்பட்டபின் மக்கள் எங்கெங்கோ சிதறிப் போனார்கள் அல்லவா? கிள்ளானில், மலிவு விலை அடுக்குமாடியின் நான்காவது மாடியில் மகள் வீட்டில் இருந்தார். என் பெயரைச் சொன்னதும் அடையாளம் கண்டுகொண்டார். கூட்டைப் பற்றிச் சொன்னேன். அவருக்கு நினைவே இல்லை. "அப்பிடியா? குடுத்திருப்பேன்" என்றார். ஆனால் வேறொன்றைச் சொன்னார். அவருடைய கணவர் ஈப்போ மருத்துவமனையில் கிடந்தபோது, என் அம்மா தம் நிரையை வெட்டி முடித்தபின் அவருடைய நிரையையும் சேர்த்து வெட்டி, பால் எடுத்து, பேர் விழாமல் பார்த்துக்கொண்டாராம். "ஒங்கம்மாவுக்கு நான் ஒண்ணுமே திருப்பிச் செய்யலய்யா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அங்கிருந்தே அம்மாவுக்குத் தொலைபேசியில் அழைத்து இருவரையும் பேச வைத்தேன். ஒரு மணி நேரம் பேசினார்கள். யார் எந்த மரத்தில் வழுக்கி விழுந்தார், பிரட்டுக் களத்தில் யார் யாரோடு சண்டை போட்டார் என்பதுதான் பெரும்பகுதி. கூட்டைப் பற்றிய பேச்சு வரவே இல்லை. பெரியம்மா 2022இல் காலமானார்.

மெய்யன்பர்களே, ஒரு முக்கியமான எச்சரிக்கை. எழுதுவதால் கிடைக்கும் பயன் ஓர் அளவிற்கு உட்பட்டதே. மனச்சோர்வு நோய்க்கு இது மருந்து ஆகாது. வாரக்கணக்கில் தூக்கமில்லை, உணவில் நாட்டமில்லை, வாழ்வே வேண்டாம் என்று ஒருவர் சொன்னால், அவரிடம் நோட்டுப் புத்தகத்தை நீட்டாதீர்கள். மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அரசாங்க மருந்தகத்திலேயே தொடங்கலாம். உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றவரைக் குற்றவாளியாகக் கருதிய 309ஆம் சட்டப் பிரிவு நம் நாட்டில் 2023இல் நீக்கப்பட்டுவிட்டது. ஆகவே அச்சமின்றி உதவி கேட்கலாம். அவ்வாறே, கணவனிடம் அடிபடும் பெண்ணிடம், சம்பளம் தராமல் ஏய்க்கப்படும் தொழிலாளியிடம், நல்லதை எண்ணிப் பார் என்று உபதேசிப்பது கொடுமை. அவர்களுக்கு வேண்டியது நீதி. நன்றியறிதல் என்னும் பெயரால் யாரையும் வாய்மூடி இருக்கச் சொல்லக் கூடாது. நம் சமூகத்தில் அது நடப்பதைக் கண்டிருக்கிறேன். அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன்.

மற்றபடி, செய்முறை எளிது. உறங்குவதற்கு முன் பத்து நிமிடம் போதும். மூன்று செய்தி, மூன்று 'ஏன்'. தமிழோ மலாயோ, எழுத வருகிற மொழியில் எழுதலாம். தலையில் எண்ணிக்கொண்டால் போதாதா என்று என் அண்ணன் கேட்டார். நானும் முயன்று பார்த்தேன். இரண்டாவது செய்திக்குள் தூங்கிவிட்டேன். ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் தொடருங்கள். என் புத்தகத்தில் ஆறாம் நாளின் மூன்றாவது இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.

இன்றைய உபயகாரர்களின் அன்பளிப்பாக அறுபது பயிற்சிப் புத்தகங்கள் வந்துள்ளன. காலணி வைக்கும் இடத்திற்கு அருகில் உள்ள மேசையில் வைத்திருக்கிறோம். குடும்பத்திற்கு ஒன்று எடுத்துச் செல்லுங்கள்; பேனா நீங்கள்தான் தேடிக்கொள்ள வேண்டும். பால்குடப் பதிவு மேசைக்கு வந்த அந்தக் காவடி அன்பர் அதோ, தூணருகே அமர்ந்திருக்கிறார். பக்கத்தில் இருப்பவர் அவருடைய தங்கை என்று சற்றுமுன் அறிமுகப்படுத்தினார். அவருக்கு ஒரு புத்தகம் நானே எடுத்து வைத்திருக்கிறேன்.

சாம்பார் ஆறிவிடும்.